பல்பு ஏன் எரியவில்லை? உருக்கிய காரீய புரோமைடின் மின்னாற்பகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

உருக்கிய காரீய புரோமைடில் மின்சாரம் பாய்ச்சினால் எதிர்மின்வாயில் காரீயமும் நேர்மின்வாயில் புரோமினும் பிரியும். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ என்ற பள்ளித் தேர்வின் வேதியியல் பாடத்திட்டத்தில் மின்னாற்பகுப்புக்கு இது ஒரு நிலையான எடுத்துக்காட்டு. பாடப்புத்தகத்தில் நான்கு வரியில் முடிந்துவிடும். ஆய்வகத்தில் செய்து பார்த்தாலோ பல்பு எரியாது. எரிந்தால் காரீய மணி கிடைக்காது. மணி கிடைத்தால் அதற்குள் அறை முழுக்க வெண்புகை. உடனே கம்பியையும் பேட்டரியையும் மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலான நேரங்களில் குறை மின்சுற்றில் இருப்பதில்லை, உப்பில் இருக்கிறது. அல்லது உப்பின் இயல்பைக் கணக்கில் கொள்ளாமல் தேர்ந்தெடுத்த பாத்திரத்தில் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் நிகழ்வு இது: 10 கிராம் காரீய நைட்ரேட்டிலிருந்து உப்பைத் தயாரித்து, உலர்த்தி, உருக்கி, 12 வோல்ட் மின்வழங்கியோடும் 12 வோல்ட், 6 வாட் பல்போடும் இணைத்து 10 நிமிடம் மின்னாற்பகுத்தல்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுவது' என்றால் அது வெள்ளீயம். இங்கே பேசப்படுவது காரீயம், நஞ்சு. 'ஈய புரோமைடு' என்று பொதுவாக எழுதி ஒட்டிய புட்டி குழப்பத்துக்கு இடம் தரும் என்பதால் இக்கட்டுரை முழுவதும் காரீயம் என்றே வருகிறது.

உப்பின் ஜாதகம்

வெண்மையான படிகப்பொடி. மோலார் நிறை 367.0 கிராம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.66 கிராம். உருகுநிலை ஏறத்தாழ 371 °செ, கொதிநிலை 900 °செ அருகில். படிக அமைப்பு காரீய குளோரைடைப் போன்றது, செஞ்சாய்சதுர வகை. எத்தனால் இதைக் கரைக்காது. டைமெதில் ஃபார்மமைடும் டைமெதில் சல்பாக்சைடும் நன்றாகக் கரைக்கும். சூரிய மின்கல ஆய்வில் பயன்படும் பெரோவ்ஸ்கைட் படிகங்கள் வளர்ப்பவர்கள் இவ்விரண்டையும் நாடுவது அதனால்தான்.

நீரில் கரைதிறன்தான் கவனிக்க வேண்டிய எண். 100 மி.லி. நீரில் 0 °செல்சியஸில் 0.455 கிராம், 20 °செல்சியஸில் 0.97 கிராம், 100 °செல்சியஸில் ஏறத்தாழ 4.4 கிராம் கரையும். வெந்நீருக்கும் பனிநீருக்கும் இடையே கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். தூய்மைப்படுத்துவதற்கு இதைவிட வசதியான உப்பு அரிது.

கரைதிறன் பெருக்கத்தை (நிறைவுற்ற கரைசலில் அயனிச் செறிவுகளின் பெருக்குத்தொகை) நம்பிக் கணக்குப் போடுபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அதன் மதிப்பு 6.6 × 10⁻⁶. நான்கால் வகுத்துக் கனமூலம் எடுத்தால் லிட்டருக்கு 0.0118 மோல், அதாவது 4.3 கிராம் வரும். உண்மையில் கரைவதோ லிட்டருக்கு 9.7 கிராம். கணக்கு தவறல்ல, கரைந்த காரீயம் எல்லாம் தனி அயனியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டதுதான் தவறு. ஒரு பகுதி புரோமைடுடன் இணைந்து ஒற்றை நேர்மின்சுமை கொண்ட அணைவு அயனியாகவும், இன்னொரு பகுதி மின்சுமையற்ற கரைந்த மூலக்கூறாகவும் நிற்கிறது. அயனிகளின் செயல்திறனும், அதாவது உண்மையில் செயல்படும் அளவும், செறிவைவிடக் குறைவு. புரோமைடை அளவுக்கு மீறி ஊற்றினால் அணைவு மேலும் வளர்ந்து, படிந்த உப்பே திரும்பக் கரையத் தொடங்கும். வீழ்படிவு முழுமையாகட்டும் என்று இரண்டு மடங்கு புரோமைடு சேர்ப்பது எதிர்விளைவைத் தரும்.

தயாரிப்பு

10.0 கிராம் காரீய நைட்ரேட்டு என்பது 0.0302 மோல். இதற்கு 0.0604 மோல் புரோமைடு வேண்டும்: பொட்டாசியம் புரோமைடானால் 7.19 கிராம், சோடியம் புரோமைடானால் 6.21 கிராம். ஐந்து சதவீதம் கூடுதலாக எடுத்தால் போதும். கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடிய உப்பு 11.08 கிராம்.

பலரும் பொட்டாசியம் புரோமைடை எடுக்கிறார்கள். சோடியம் புரோமைடே நல்லது. வினையில் பக்கத்தில் உண்டாகும் பொட்டாசியம் நைட்ரேட்டு 6.1 கிராம், 0 °செல்சியஸில் அது 100 மி.லி. நீரில் 13 கிராம்தான் கரையும். மொத்த நீர் 80 மி.லி. இருந்தால் பிரச்சினை இல்லை. நீரைச் சிக்கனம் செய்து 40 மி.லி.க்குள் முடித்துப் பனியில் வைத்தால், முக்கால் கிராம் அளவு நைட்ரேட்டு நம் உப்போடு சேர்ந்து படிகமாகிவிடும். இரண்டும் வெள்ளை, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சோடியம் நைட்ரேட்டோ அதே குளிரிலும் 70 கிராமுக்கு மேல் கரையும், படிய வாய்ப்பே இல்லை. ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: சோடியம் புரோமைடு நீரேறிய வகையிலும் விற்கப்படுகிறது. புட்டியின் மேல் அப்படி எழுதியிருந்தால் எடையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

காரீய நைட்ரேட்டை 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைக்கவும். குழாய் நீரோ கிணற்று நீரோ ஆகாது. அதிலுள்ள சல்பேட்டும் கார்பனேட்டும் காரீயத்தைப் பிடித்துக் கரைசலைப் பால்போல் கலக்கிவிடும். அந்தக் கலங்கல் கடைசிவரை கூடவே வரும். சோடியம் புரோமைடை 30 மி.லி. நீரில் கரைத்து, இரண்டையும் 70 முதல் 80 °செ வரை சூடாக்கி, கலக்கிக்கொண்டே புரோமைடைக் காரீயத்தில் மெல்ல ஊற்ற வேண்டும். குளிர்ந்த நிலையில் ஊற்றினால் மாவு போன்ற வீழ்படிவு வந்து வடிதாளை அடைத்துக்கொள்ளும், உள்ளே சிக்கிய நைட்ரேட்டைக் கழுவவும் முடியாது. சூட்டில் ஊற்றி ஆறவிட்டால் பட்டு இழை போல் மின்னும் ஊசிப்படிகங்கள் கிடைக்கும்.

பனிக்கட்டியில் அரைமணி நேரம் வைத்து வடிகட்டவும். தூய நீரின் கணக்குப்படி 80 மி.லி. தாய்க்கரைசலில், அதாவது படிகத்தை வடித்தபின் எஞ்சும் நீரில், 0.36 கிராம் உப்பு தங்கிவிடும். கூட இருக்கும் நைட்ரேட்டினால் இது சற்றுக் கூடும். பிறகு பனிநீரில் மும்முறை, முறைக்கு 10 மி.லி. கழுவினால் இன்னும் 0.14 கிராம் போகும். அறைவெப்ப நீரில் கழுவினால் இழப்பு இருமடங்காகும். 10 கிராமுக்கு மேல் கையில் நின்றால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.

மறுபடிகமாக்க விரும்பினால் 11 கிராமுக்கு 250 மி.லி. கொதிநீர் தேவை. அதில் சில துளி ஹைட்ரோபுரோமிக் அமிலம் விட்டுக்கொண்டால் கார உப்பு உருவாவது தடுக்கப்படும். 0 °செ வரை குளிர்த்தினால் தொண்ணூறு சதவீதம் திரும்பி வரும்.

உலர்த்துவது 120 °செ அடுப்பில் 2 மணி நேரம். இந்தக் கட்டத்தில் அவசரப்படுவதுதான் பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்குக் காரணம். ஈரத்தோடு உருகுநிலைக்குப் போன உப்பு நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் புரோமைடை வெளிவிட்டு ஆக்சிபுரோமைடாக மாறத் தொடங்கும். ஈரக்காற்றில் புகையும் அந்த வாயுவை 'உருகத் தொடங்கிவிட்டது' என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்வதுண்டு. உண்மையில் உப்பு கெட்டுக்கொண்டிருக்கிறது.

உலர்ந்த உப்பில் ஒரு சிட்டிகையைச் சோதனைக்குழாயில் இட்டு, புகை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்து உருக்கிப் பார்க்க வேண்டும். மின்சாரமே இல்லாமல் பழுப்பு வாயு வந்தால் நைட்ரேட்டு முழுதாகப் போகவில்லை என்று பொருள். திரும்பக் கழுவ வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைத் தாண்டிச் சென்றால் பிறகு எந்தப் பழுப்பு புரோமின், எந்தப் பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடு என்று தெரியாமல் போகும்.

பாத்திரமும் மின்வாயும்

11 கிராம் உப்பு என்றால் கணிசமாகத் தோன்றும். உருகிய நிலையில் அதன் அடர்த்தி 5.5 அளவில் இருப்பதால் மொத்தக் கனஅளவு 2 மி.லி.தான். அடிப்பகுதி 25 மி.மீ. அகலமுள்ள வழக்கமான பீங்கான் மூசையில் (உருக்கும் கிண்ணம்) இது 4 மி.மீ. ஆழத்துக்குத்தான் பரவி நிற்கும். மின்வாய்த் தண்டின் நுனி மட்டுமே நனையும்; கீழே சேரும் காரீயம் இரண்டு தண்டுகளையும் தொட்டுச் சுற்றைக் குறுக்கிவிடும். அப்போது பல்பு பிரமாதமாக எரியும், குமிழி ஒன்றும் வராது. 'வெற்றி' என்று கைதட்டப்படும் பல செய்துகாட்டல்கள் இந்த வகைதான்.

அடி 15 மி.மீ. அகலமுள்ள சின்ன மூசை எடுத்தால் அதே உப்பு 11 மி.மீ. ஆழம் தரும். அல்லது வி வடிவில் வளைத்த கடினக் கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தலாம். இரு கைகளிலும் ஒவ்வொரு தண்டு. நடுவளைவில் காரீயம் சேரும். புரோமின் ஒரு கை வழியாக மட்டும் வெளியேறும். செய்பவருக்குச் சற்றுக் கூடுதல் வேலை என்றாலும் மூசையைவிட இதுவே மேல்.

மின்வாய்க்குக் கிராஃபைட் தண்டு மட்டும். செம்போ எஃகோ நேர்மின்வாயில் வைத்தால் புரோமின் அதையே தின்னும். பழைய டார்ச் செல்லை உடைத்து எடுக்கும் கரித்தண்டில் மெழுகு ஊறியிருக்கும். முன்பே தனியாகச் சுடரில் காட்டி மெழுகை எரித்துவிடாவிட்டால் உருக்கில் முக்கியதும் கரும்புகை கக்கும். முதலைக் கவ்வி புரோமின் ஆவியின் பாதையில் இருக்கக் கூடாது. ஒருமுறை பச்சை பூத்த கவ்வி அடுத்த முறை மின்சாரத்தைக் கடத்தாது.

உருக்குதல்

இந்த உப்பில் வேலை செய்யக்கூடிய வெப்ப இடைவெளி குறுகியது. 371 °செல்சியஸில் உருகும். 513 °செல்சியஸில் அதன் ஆவியழுத்தம் 1 மி.மீ. பாதரசம், 610 °செல்சியஸில் 10 மி.மீ. ஆகவே 390 முதல் 430 °செ வரை வைத்துக்கொள்வது நல்லது. சாதாரணப் பாதரச வெப்பமானி இதற்கு உதவாது. பாதரசமே 357 °செல்சியஸில் கொதித்துவிடும். கண்ணாடி உறைக்குள் வைத்த வெப்ப இரட்டையை (இரு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்ப அளவி) இறக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் கண்ணே கருவி: மூசையின் அடி இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரிந்தால் 500 °செல்சியஸைத் தாண்டிவிட்டது. அப்போது எழும் வெண்புகை காரீய புரோமைடேதான். பணியிடக் காற்றில் காரீயத்துக்கு அமெரிக்க விதிமுறை அனுமதிக்கும் அளவு கனமீட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியும் புகை அதை எப்போதோ மீறியிருக்கும்.

இந்த ஆவியாகும் குணத்தை உலகம் பல பத்தாண்டுகள் வேண்டுமென்றே பயன்படுத்தியது. காரீயம் கலந்த பெட்ரோலில் டெட்ரா எதில் காரீயத்தோடு டைபுரோமோ ஈத்தேனும் சேர்க்கப்பட்டது. எஞ்சினுக்குள் காரீய ஆக்சைடு படிந்து வால்வையும் தீப்பொறிச் செருகியையும் கெடுக்காமல், ஆவியாகும் காரீய ஹாலைடாக மாறி வாகனப் புகையோடு வெளியேற வேண்டும் என்பதே நோக்கம். எஞ்சின் தப்பியது, தெருவோரத்தில் நின்றவர்களின் இரத்தத்தில் காரீயம் ஏறியது. இந்தியாவில் அந்தப் பெட்ரோல் 2000இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்.

உருக்குக்கு வருவோம். உருகும்போது உப்பில் நிறம் ஏறும். ஆறினால் மீண்டும் வெளுக்கும். இந்த நிறத்தைப் புரோமின் என்று எண்ணிவிடக் கூடாது.

திண்ம நிலையில் மின்சாரம் துளியும் கடத்தாது என்று எழுதுவது வழக்கம். பல்பை வைத்துப் பார்த்தால் சரிதான். மில்லி அம்மீட்டரை வைத்தால் உருகுநிலைக்குக் கீழேயே முள் அசையக் காணலாம். படிகத்தில் புரோமைடு அயனி இருக்க வேண்டிய இடங்களில் சில காலியாக இருக்கும். சூட்டில் பக்கத்து அயனிகள் அந்தக் காலியிடங்களுக்குத் தாவும். காரீய ஹாலைடுகளில் மின்சாரத்தைச் சுமப்பது ஹாலைடு அயனியே என்பதைக் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் டூபண்ட் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அளந்து காட்டினார். முள் அசைந்ததும் கருவியில் கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம்.

மின்சாரம் பாய்ந்த பிறகு

பிரிவதற்குக் குறைந்தபட்சம் தேவையான மின்னழுத்தம் இந்த வெப்பநிலையில் 1.1 வோல்ட் அளவே. உருக்கின் தடையும் ஓரிரு ஓம்தான்; எரியும் பல்பின் தடையோ 24 ஓம். ஆகவே உப்பு உண்மையில் உருகியிருந்தால் 12 வோல்ட்டில் பல்பு எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது தண்டுகளைத்தான். குளிர்ந்த தண்டை உருக்கில் இறக்கியதும் அதைச் சுற்றி உப்பு உறைந்து மேலங்கி போல் மூடிக்கொள்ளும், உறைந்த உப்பு பல்பு எரியும் அளவுக்குக் கடத்தாது. தண்டுகளை மூசைக்கு மேலே பிடித்துச் சூடேற்றி இறக்கினால், அல்லது இறக்கி இரண்டு நிமிடம் பொறுத்தால், அங்கி கரைந்துவிடும். அப்போதும் எரியவில்லையென்றால் கவ்வியைத் தேய்த்துப் பாருங்கள். மேலே தோல் படர்ந்து அடியில் கட்டியாக நிற்கும் உப்பு, ஈரத்தில் கெட்ட உப்பு. அதைச் சூடாக்கிச் சரிசெய்ய முயல்வது வெண்புகையில்தான் முடியும்.

0.5 ஆம்பியர் 10 நிமிடம் பாய்ந்தால் 300 கூலோம். கணக்குப்படி காரீயம் 0.32 கிராம், புரோமின் 0.25 கிராம். காரீயத்தின் உருகுநிலை 327.5 °செ என்பதால் பிறக்கும்போதே அது திரவம். அடர்த்தி கூடியதால் அடியில் போய்ச் சேரும். 0.32 கிராம் காரீயம் உருண்டால் விட்டம் 3.8 மி.மீ., ஒரு மிளகைவிடச் சற்றுச் சிறியது. தேடும் பொருளின் அளவு இது என்று முன்பே தெரிந்தால் 'ஒன்றுமே வரவில்லை' என்ற ஏமாற்றம் பாதி குறையும்.

ஆனாலும் கிடைப்பது எப்போதும் கணக்கைவிடக் குறைவு. பிரிந்த காரீயத்தில் கொஞ்சம் உருக்கிலேயே கரைந்து அதைக் கருக்கச் செய்யும். அது நேர்மின்வாய்ப் பக்கம் போய்ப் புரோமினோடு கூடி மறுபடி உப்பாகும். வெப்பம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். தண்டுகள் நெருங்கியிருந்தாலும் அப்படியே. மணிக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் துகள்கள் சிதறிக் கிடந்தால் இதுதான் காரணம். குறைந்த வெப்பம், விலகிய தண்டுகள், அசைக்காத மூசை: மூன்றும் சேர்ந்தால் மணி உருளும். முடிந்ததும் உருக்கை உலர்ந்த பீங்கான் தட்டில் மெல்லச் சாய்த்தால் மணி தனியே தெரியும். தட்டில் ஈரம் இருந்தால் தெறிக்கும். ஆறிய மணி கத்திக்கு மசியும், தாளில் சாம்பல் கோடு இழுக்கும்.

புரோமினை உறுதிசெய்ய மாவு-அயோடைடுத் தாள் போதாது, நைட்ரஜன் டைஆக்சைடும் அதை நீலமாக்கும். ஃபுளோரசீன் கரைசலில் நனைத்த மஞ்சள் தாளைப் பிடித்தால் புரோமின் அதை இயோசினாக மாற்றி இளஞ்சிவப்பாக்கும். ஈர லிட்மஸ் என்றால் புரோமினில் நிறம் வெளுக்கும், நைட்ரஜன் டைஆக்சைடில் சிவக்கும்.

0.25 கிராம் சொற்பம்தானே என்று தோன்றலாம். 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் அது சீராகப் பரவினால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 0.18 பங்கு. எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 பங்கு. ஆவி சீராகப் பரவுவதும் இல்லை. காற்றைவிட ஐந்து மடங்கு கனமானது, மேசையை ஒட்டிக் கீழே வழியும். முன்வரிசையில் குனிந்து பார்ப்பவருக்குத்தான் முதல் பங்கு. புகை உறிஞ்சும் கூண்டு இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது. ஏறத்தாழ 290 °செல்சியஸில் உருகும் துத்தநாக குளோரைடை வைத்து அதே பாடத்தை நடத்தலாம். குளோரின் வரும், ஈரம் உறிஞ்சும் தொல்லையும் உண்டு, ஆனால் காரீயம் இல்லை. காரீய புரோமைடையே எடுத்தால், நேர்மின்வாய்ப் பக்கத்து வாயிலிருந்து ஒரு குழாய் வழியாகப் புரோமின் ஆவியை 5 சதவீத சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலுக்குள் விடலாம். வினையில் அமிலம் பிறப்பதால் அதில் கொஞ்சம் சோடியம் கார்பனேட்டும் வேண்டும். ஆறும்போது கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு உருக்கில் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும். அடுப்பை அணைக்கும் முன் குழாயை வெளியே எடுக்க வேண்டும்.

கழிவு

வடிகட்டிய 80 மி.லி. தாய்க்கரைசலை என்ன செய்வது என்பது பெரும்பாலான செய்முறைக் குறிப்புகளில் இருப்பதில்லை. 0.36 கிராம் உப்பு என்று வைத்தாலும் அதில் 0.2 கிராம் காரீயம் இருக்கிறது. குடிநீரில் காரீயத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தர நிர்ணயமும் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த 80 மி.லி. மட்டும் 20,000 லிட்டர் நீரை எல்லைக்குக் கொண்டுபோகும்.

கழுவுநீரையும் சேர்த்து ஒரே பீக்கரில் திரட்டி 2 கிராம் சோடியம் சல்பேட்டுச் சேர்த்து ஓர் இரவு வைத்தால் காரீயத்தின் பெரும்பகுதி சல்பேட்டாகப் படியும். சல்பேட்டு மிகுதியாக இருந்தும் தெளிநீரில் குடிநீர் எல்லையைவிடப் பல மடங்கு காரீயம் எஞ்சும். ஆகவே அதையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. வீழ்படிவு, வடிதாள், உடைந்த மூசை, உருக்கின் மீதி, தெளிநீர் எல்லாம் 'காரீயக் கழிவு' என்று தேதியிட்ட மூடிய கலனில் போய், அபாயக் கழிவு எடுப்பவரிடம் சேர வேண்டும். கையுறை கழற்றிய பிறகும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் கூட்டினால் உலர்ந்த பொடி காற்றில் எழும்.

மீந்த நல்ல உப்பைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, இருட்டில் வைக்கவும். வெளிச்சத்தில் நெடுநாள் கிடந்தால் மேல்பரப்பு மெல்லக் கருக்கும். கருத்த உப்பை வீசத் தேவையில்லை, கொதிநீரில் ஒருமுறை மறுபடிகமாக்கினால் வெளுத்துவிடும்.